டெஸ்க்டாப்பில் மட்டும் வைஃபை விட்டு விட்டு வருகிறது, பக்கத்தில் இருக்கும் போனில் பிரச்சினை இல்லை

மாடியறை:

வணக்கம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. ஃபைபர் நேராக உள்ளே வரும் வகை ரவுட்டர், கீழ் ஹாலில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. கம்ப்யூட்டர் மாடி அறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளம், ஒரு செங்கல் சுவர். குறுக்காகப் பார்த்தால் சுமார் 9 மீட்டர்.

விண்டோஸ் 11. வைஃபைக்கு விரல்நகம் அளவு யுஎஸ்பி டாங்கிள், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு பேண்டும் (அலைவரிசையும்) பிடிக்கும். கேபினட்டின் பின்பக்கம் நீல நிற போர்ட்டில் செருகியிருக்கிறேன். அதற்கு அடுத்த போர்ட்டில் பேக்கப் எடுக்கும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். கீபோர்டு, மவுஸ் இரண்டும் வயர்லெஸ்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே நெட் நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கழித்துத் தானாக வருகிறது. சில சமயம் கீழே பூமி உருண்டை ஐகான் வரும். சில சமயம் வைஃபை கோடுகள் அப்படியே இருக்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. அதே மேசையில் இருக்கும் போனில் வீடியோ தடையில்லாமல் ஓடுகிறது. மவுஸ் அம்புக்குறியும் சில நேரம் திக்கித் திக்கி நகர்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை.

ரவுட்டர் ரீஸ்டார்ட், வைஃபை பெயரை மறக்கச் செய்து மறுபடி சேர்ப்பது, புது டிரைவர் போடுவது எல்லாம் பார்த்தாகிவிட்டது. அடுத்து எங்கே கை வைப்பது?

கம்பிவலை:

எங்கே அறுகிறது என்று தெரியாமல் டிரைவரை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே அறுகலாம். ரவுட்டரைத் தாண்டி வெளியே அறுகலாம். இணைப்பு நன்றாக இருந்து, தளங்களின் பெயரைத் தேடித் தரும் டிஎன்எஸ் மட்டும் படுத்திருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

கமாண்ட் பிராம்ப்ட்டை இரண்டு ஜன்னலாகத் திறந்துகொள்ளுங்கள். ஒன்றில் பிங் கட்டளையை உங்கள் ரவுட்டர் முகவரிக்குக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். வைஃபை பிராபர்ட்டீஸில் கேட்வே என்ற வரியில் பார்த்து உறுதி செய்யலாம். இன்னொன்றில் 8.8.8.8. இரண்டிலும் முகவரிக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ஹைஃபனும் டி எழுத்தும் சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

நெட் நிற்கும்போது இரண்டு ஜன்னலும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்றால் கோளாறு வைஃபையில். ரவுட்டர் ஜன்னல் ஒழுங்காக ஓடி, 8.8.8.8 மட்டும் நின்றால் வெளியே. இரண்டும் ஓடிக்கொண்டிருக்க பிரவுசர் மட்டும் முழித்தால் டிஎன்எஸ், அல்லது விபிஎன், ஆன்டிவைரஸ் போன்ற ஏதோ ஒன்று. எப்போதாவது ஒரே ஒரு வரி 200 மில்லிசெகண்ட் காட்டினால் அதைப் பொருட்படுத்த வேண்டாம், ரவுட்டர்கள் பிங்குக்கு நிதானமாகத்தான் பதில் சொல்லும். வரிசையாக எகிறினால் கவனியுங்கள்.

அடுத்தது ஈவென்ட் வியூயர். அதில் அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூலேன் ஆட்டோகான்ஃபிக், ஆபரேஷனல் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். 8001 என்றால் இணைந்தது, 8003 என்றால் துண்டானது. ஒவ்வொரு 8003-க்கு உள்ளேயும் காரணம் என்று ஒரு வரி இருக்கும், அதை இங்கே போடுங்கள். நேரத்தையும் பாருங்கள். சரியாக ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அறுந்தால் ரவுட்டரில் குரூப் கீ (எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ரகசியச் சாவி) மாற்றும் இடைவெளி 3600 விநாடி என்று இருக்கிறதா பார்க்க வேண்டும். சில பழைய டாங்கிள்கள் அந்த மாற்றத்தில் கழன்றுவிடும். நேரம் ஒழுங்கில்லாமல் இருந்தால் சிக்னல், இரைச்சல், மின்சாரம் இந்தப் பக்கம் தேடலாம்.

கடைசியாக, நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ் என்ற கட்டளை கொடுத்தால் சிக்னல் சதவீதமும் சேனல் எண்ணும் வரும். அதையும் சொல்லுங்கள்.

மாடியறை:

நன்றி சார். பார்த்ததைச் சொல்கிறேன். பெரும்பாலும் இரண்டு ஜன்னலும் சேர்ந்தே நிற்கின்றன. நிற்பதற்கு முன் ரவுட்டர் பிங் 3 மில்லிசெகண்டில் இருந்து 300, 700 என்று ஏறுகிறது. 8003-இல் "டிரைவர் துண்டித்தது" என்ற பொருளில் காரணம் வருகிறது. நேரத்தில் ஒழுங்கு எதுவும் இல்லை. சிக்னல் 58 சதவீதம், சேனல் 9.

ஒரு தடவை மட்டும் ரவுட்டர் பிங் சரியாக ஓட, 8.8.8.8 மட்டும் நின்றது. அப்போது போனிலும் நெட் இல்லை.

சாலிடர்:

சார், உங்க முதல் பதிவிலேயே பாதி விடை இருக்கு. நீல போர்ட் (அதாவது யுஎஸ்பி 3), பக்கத்துலயே ஹார்ட் டிஸ்க், மவுஸ் திக்குறது. இந்த மூணும் ஒண்ணா வந்தா நான் முதல்ல சந்தேகப்படுறது யுஎஸ்பி 3 இரைச்சலைத்தான்.

யுஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்துல ஓடுது. அந்த சிக்னலோட இரைச்சல் அகலமா பரவும், 2.4 கிகாஹெர்ட்ஸ் பேண்டும் அதுக்குள்ளதான் வருது. போர்ட்டுல இருந்தும், டிஸ்க்கோட கேபிள்ல இருந்தும், டிஸ்க் பெட்டியில இருந்தும் கசியும். இன்டெல் நிறுவனமே 2012-ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. ஹார்ட் டிஸ்க் மாட்டினதும் 2.4 பேண்டுல இரைச்சல் மட்டம் சுமார் 20 டெசிபல் ஏறினதா அதுல காட்டியிருக்காங்க.

உங்க கணக்குக்கு வருவோம். விண்டோஸ் காட்டுற சதவீதத்தைப் பாதியாக்கி 100-ஐக் கழிச்சா தோராயமா டிபிஎம், அதாவது சிக்னல் பலத்தோட அளவு. 58-ல பாதி 29, அப்போ மைனஸ் 71. இரைச்சல் மைனஸ் 95-ல இருந்தா நடுவுல 24 டெசிபல் இடம் இருக்கு, வண்டி ஓடும். டிஸ்க் வேலை செய்ய ஆரம்பிச்சு இரைச்சல் 20 ஏறினா மிச்சம் வெறும் 4. பாக்கெட் போகாது, திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும், பிங் 700-க்கு ஏறும், கடைசியில டிரைவர் கைவிட்டுடும். நீங்க பார்த்தது அப்படியே இதுதான். மவுஸோட ரிசீவரும் 2.4-ல ஓடுறதால அதுவும் சேர்ந்து திக்குது. போன் அந்த போர்ட்டுல இருந்து தள்ளி இருக்கு, அனேகமா 5-ல வேற இருக்கும், அதனால தப்பிச்சுக்குது.

சோதிக்கிறது ரொம்ப சுலபம். பெரிய ஃபைல் ஒண்ணை அந்த டிஸ்க்குக்கு காப்பி போட்டுட்டு ரவுட்டர் பிங்கைப் பாருங்க. எகிறுச்சுன்னா, டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் பண்ணிக் கழட்டிட்டு மறுபடி பாருங்க.

சரிபண்ண: ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்க, ஷீல்டு போட்டது. அதைக் கறுப்பு நிற போர்ட்டுல, அதாவது யுஎஸ்பி 2 போர்ட்டுல மாட்டி, டாங்கிளை மேசை மேல, கேபினட்டை விட்டு வெளியே, கண்ணுக்குத் தெரியுற இடத்துல வைங்க. யுஎஸ்பி 2 வேகம் 480 எம்பிபிஎஸ், உங்க 100-க்கு அது தாராளம். இன்னொரு லாபம், இப்போ டாங்கிள் இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல ஒளிஞ்சு கிடக்கு. வெளியே எடுத்தாலே சிக்னலும் கூடும்.

ரெண்டு மீட்டருக்கு மேல நீளம் வேண்டாம், நூல் மாதிரி மெலிசான கேபிளும் வேண்டாம். உள்ளே கம்பி மெலிசா இருந்தா டாங்கிள் வேகமா அனுப்பும்போது வோல்டேஜ் இறங்கி ரீசெட் ஆகும். அப்போ யுஎஸ்பி கழட்டி மாட்டுற சத்தம் விண்டோஸ்ல தானா கேட்கும், அதுதான் அடையாளம். கேபினட் முன்பக்க போர்ட்டையும் தவிர்க்கலாம். போர்டுல இருந்து அதுவரைக்கும் உள்ளே ஓடுற கேபிள் பல கேபினட்டுல சுமார் ரகம்தான்.

மவுஸ் ரிசீவரையும் மறக்காம டிஸ்க் பக்கத்துல இருந்து மாத்திடுங்க.

கம்பிவலை:

சாலிடர் சொன்னதை முதலில் செய்யுங்கள், அதுதான் பெரிய காரணம். அதோடு மின்சேமிப்பையும் நிறுத்திவிடுங்கள், யுஎஸ்பி டாங்கிளுக்கு இது அவசியம். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், உங்கள் டாங்கிள், பிராபர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட். "மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை நிறுத்தலாம்" என்ற பொருளில் இருக்கும் டிக்கை எடுங்கள். கீழே யுஎஸ்பி ரூட் ஹப் என்று இருப்பவற்றிலும் அதே டிக்கை எடுங்கள். பிறகு கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு: யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் டிசேபிள்டு, வயர்லெஸ் அடாப்டர் மேக்ஸிமம் பெர்ஃபார்மன்ஸ். இந்தக் கடைசி வரி சில கம்ப்யூட்டர்களில் தெரியாது, தெரியாவிட்டால் விட்டுவிடலாம். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு டிரைவர் மாறி டிக் திரும்பி வருவதுண்டு, அப்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சேனல் 9 எனக்குப் பிடிக்கவில்லை. 2.4 பேண்டில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு ரவுட்டரும் 20 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்கிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மட்டுமே. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரிவதால் முறைவைத்துப் பேசும். வேகம் குறையும், இணைப்பு அறாது. 9-இல் இருந்தால் 6-இல் இருக்கும் பக்கத்து வீடும் 11-இல் இருக்கும் எதிர்வீடும் உங்களுக்கு வெறும் இரைச்சல். முறைவைக்கவும் முடியாது, புரிந்துகொள்ளவும் முடியாது. காலி சேனல் என்று நினைத்து 3, 4, 8, 9 வைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலி போட்டு, மாடி அறையில் நின்று பாருங்கள், ரவுட்டர் பக்கத்தில் நின்று பார்த்தால் பயன் இல்லை. 1, 6, 11-இல் எது பலவீனமான பெயர்களால் நிறைந்திருக்கிறதோ அதை எடுங்கள். ஆட்டோவை நிறுத்திவிட்டு, அகலத்தை 20 என்று நிலையாக வையுங்கள். 40 வைத்தால் கிட்டத்தட்ட பேண்டில் பாதி உங்களுடையதாகிவிடும், எல்லோருடைய இரைச்சலும் உள்ளே வரும்.

இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் இருக்கிறதா? அப்படியானால் ஸ்மார்ட் கனெக்ட் அல்லது பேண்ட் ஸ்டியரிங் என்று இருப்பதை நிறுத்தி, 5-க்குத் தனிப் பெயர் வையுங்கள். மைனஸ் 70-ஐ ஒட்டிய இடத்தில் சில டாங்கிள்கள் இரண்டு பேண்டுக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தாவலிலும் சில விநாடி போகும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2, 3 கலப்பில் இருந்தால், சோதனைக்கு டபிள்யூபிஏ 2 ஏஇஎஸ் மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஒளிநார்:

உங்களுக்கு இரண்டு கோளாறு இருக்கிறது. மற்றவர்கள் வைஃபையைப் பார்த்துவிட்டார்கள். 8.8.8.8 மட்டும் நின்று போனிலும் நெட் போனது தனிக் கதை, அது ஃபைபர் பக்கம் அல்லது ரவுட்டரின் கரன்ட் பக்கம்.

அடுத்த முறை அப்படி நடந்தால் முதலில் ரவுட்டர் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை. பான் (PON) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் ரவுட்டர் கம்பெனிப் பக்கத்தோடு பதிவாக முயல்கிறது. இரண்டும் சரியாக இருந்து நெட் இல்லை என்றால் கம்பெனியின் உள் வலையில்.

ரவுட்டர் பக்கத்தில் லாகின் செய்து ஸ்டேட்டஸில் ஆப்டிகல் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்ற எண்ணைப் பாருங்கள், ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம் அது. ஜிபான் என்ற வகை ஃபைபர் இணைப்பில் மைனஸ் 15 முதல் மைனஸ் 24 வரை நிம்மதி. சாதாரணமாக மைனஸ் 27-தான் எல்லை. 26, 27 என்று காட்டினால் வெயிலிலும் மழையிலும் கொஞ்சம் மாறினாலே அறும். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கே ஃபைபர் மடிந்து நசுங்கியிருக்கிறதா பாருங்கள். மூன்று செண்டிமீட்டர் ஆரத்துக்குக் கீழே வளைக்கக் கூடாது. முனையில் பச்சைக் கனெக்டர் பச்சை சாக்கெட்டில்தான் போக வேண்டும். பச்சையும் நீலமும் மாறி மாட்டினால் முனைகள் சரியாகப் பொருந்தாமல் ஒளி வீணாகும். கழற்றினால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே அப்டைம் இருக்கும். நீங்கள் அணைக்காமலேயே அது சில மணி நேரம்தான் காட்டுகிறது என்றால் ரவுட்டர் தானாக ரீபூட் ஆகிறது. அப்போது சந்தேகம் அடாப்டர் மேல். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அல்லது 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். அடாப்டரிலும் அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடுதல் ஆம்பியர் இருக்க வேண்டும். பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டரை மாட்டி ஓட்டுபவர்கள் உண்டு, 0.5 ஆம்பியர் போதாது. நடுவில் மினி யுபிஎஸ் இருந்தால் அதைச் சிறிது காலம் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். பேட்டரி தளர்ந்த யுபிஎஸ் கரன்ட் மாறும் நொடியில் வோல்டேஜை விடும், ரவுட்டர் ரீபூட் ஆகும்.

புகார் கொடுக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். தேதி, நேரம், எல்ஓஎஸ் விளக்கின் நிலை, ஆர்எக்ஸ் பவர் எண், இந்த நான்கையும் சொன்னால் லைன்மேன் பவர் மீட்டரோடு வருவார்.

மாடியறை:

எல்லோருக்கும் நன்றி. டாங்கிளை எக்ஸ்டென்ஷன் கேபிளில் மேசைக்குக் கொண்டுவந்ததும் சிக்னல் 74 சதவீதம் ஆனது. ஹார்ட் டிஸ்க்கில் காப்பி ஓடும்போதும் பிங் ஏறவில்லை, மவுஸும் சரியாகிவிட்டது. ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 21. ரவுட்டரில் இருந்தது 0.5 ஆம்பியர் அடாப்டர்தான், மாற்றிவிட்டேன்.

5-க்குத் தனிப் பெயர் வைத்து அதில் சேர்ந்தேன். வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் எப்போதாவது அந்தப் பெயரே லிஸ்டில் இருந்து காணாமல் போய், ஒரு நிமிடத்துக்கு மேல் ஆன பிறகு வருகிறது. 2.4 பெயர் அந்த நேரத்திலும் இருக்கிறது. சேனல் 100 என்று காட்டுகிறது.

கம்பிவலை:

100 என்பதுதான் காரணம். 52 முதல் 64 வரையும், 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அந்த இடத்தில் ரவுட்டருக்கு ரேடார் மாதிரி ஏதாவது கேட்டால் உடனே சேனலைக் காலி செய்ய வேண்டும், 30 நிமிடம் அங்கே திரும்பவும் கூடாது என்பது விதி. போகும் இடமும் அதே வகைச் சேனல் என்றால், பேச ஆரம்பிக்கும் முன் 60 விநாடி சும்மா கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் பெயர் மறைகிறது. உண்மையான ரேடார் அருகில் இல்லாவிட்டாலும் சில ரவுட்டர்கள் வேறு துடிப்புகளை ரேடார் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆட்டோவை எடுத்துவிட்டு 36, 40, 44, 48-இல் ஒன்றை நிலையாக வையுங்கள். 149 முதல் 161 வரையும் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சில டாங்கிள்களுக்கு டிரைவரின் நாட்டு அமைப்பைப் பொறுத்து அந்தச் சேனல்கள் கண்ணிலேயே படாது. வைத்த பிறகு பெயர் தெரியவில்லை என்றால் 36-க்கு வந்துவிடுங்கள். அகலம் 80 போதும்.

வைகைக்கரை:

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் இருந்து எடுங்கள் என்று யாரும் சொல்லவில்லையே. டிவியின் பின்பக்க உலோகத் தகடு ஒரு பக்கத்தை முழுதாக மறைக்கிறது. பக்கத்தில் இரும்பு பீரோ இருந்தால் இன்னும் மோசம். சுவரில் ஆறு, ஏழு அடி உயரத்தில் திறந்தவெளியாக மாட்டுங்கள். வெளி ஆன்டெனா உள்ள ரவுட்டர் என்றால் எல்லாவற்றையும் நேராக நிறுத்தாமல் ஒன்றைப் படுக்கவையுங்கள். நின்ற ஆன்டெனா பக்கவாட்டில்தான் நன்றாக வீசும், உச்சிக்கு மேல் குறைவு. மாடிக்குப் படுத்த ஆன்டெனா உதவும்.

இதற்கு ரிப்பீட்டர் வாங்கலாமா?

கம்பிவலை:

இவருக்குத் தேவையில்லை. சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் வேகம் பாதியாகும். மாடியில் மற்ற அறைகளுக்கும் வைஃபை வேண்டும் என்றால் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபை பரப்ப மட்டும், போடுவது நல்லது. அதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு முகவரி கொடுக்கும் வேலையை) நிறுத்த வேண்டும், முகவரியை 192.168.1.2 என்று மாற்ற வேண்டும், கேபிளை வான் போர்ட்டில் போடாமல் லான் போர்ட்டில் மாட்ட வேண்டும். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டரும் முகவரி கொடுக்க ஆரம்பித்து, வீட்டில் இருக்கும் எல்லாச் சாதனத்திலும் விட்டு விட்டு வரும் கோளாறு தொடங்கிவிடும்.

சாலிடர்:

டெஸ்க்டாப் நகராத பொருள், அதனால கேபிள் போட வழி இருந்தா போட்டுடுங்க. கேட் 5இ-யே ஒரு கிகாபிட்டை 100 மீட்டர் வரைக்கும் கொண்டுபோகும். கேட் 6 கிடைச்சா நல்லது. வாங்கும்போது சுத்தச் செம்புன்னு கேட்டு வாங்குங்க. சிசிஏன்னு போட்டிருந்தா உள்ளே அலுமினியம், மேல செம்புப் பூச்சு. கிரிம்ப் பண்ற, அதாவது கனெக்டரை அழுத்தி மாட்டுற இடத்துல சீக்கிரம் உடையும். கரன்ட் வயர் போற பைப்புக்குள்ள இதை விடாதீங்க, தனி பைப் போடுங்க.

கனெக்டரோட பொன்னிறத் தகடுங்க உங்களைப் பார்க்க, கேபிள் கீழ்ப் பக்கம் இருக்குற மாதிரி பிடிச்சா இடமிருந்து வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ரெண்டு முனையும் ஒரே வரிசை. மாட்டினதும் லிங்க் ஸ்பீடு பாருங்க. கிகாபிட் போர்ட் ரெண்டு பக்கமும் இருந்தும் 100-ன்னு காட்டினா நீலம் அல்லது பழுப்பு ஜோடியில ஒண்ணு சரியா கடிக்கல. அந்த முனையை வெட்டிட்டு புதுக் கனெக்டர் போடுங்க.